வங்கிக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் மா, மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாசியில் இரண்டு கொப்பிகளோடு என்னிடம் வந்தார். ஒன்றின் மட்டையில் எண்ணெய்க் கறை. பக்கங்களின் ஓரமெல்லாம் மிளகாய்த்தூள் ஏறிச் சிவந்திருந்தது. திறந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. மற்றக் கொப்பி புத்தம் புதியது. ஒரு வருடக் கணக்கு முழுவதும் ஒரே பேனையால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. முதலாவது, அவருடைய மனைவி ஒவ்வொரு இரவும் மில்லைப் பூட்டும்போது எழுதுவது. இரண்டாவது, வங்கிக்கென்று இரண்டே இரவில் எழுதியது.

"அக்கா, இந்தப் புதுசைப் பார்த்து ஒரு வருசக் கணக்கு அடிச்சுத் தாங்க. இருபது இலட்சம் கேட்கப் போறன்" என்றார்.

அரைக்கும் மெசினும் மின் இணைப்பு வேலையும் சேர்த்து 11 இலட்சம், பக்கற் அடிக்கும் மெசின் 9 இலட்சம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு டவுன் வரை கடைகளுக்குத் தூள் பக்கற் போடவேண்டும் என்பது அவருடைய திட்டம். நல்ல திட்டம்தான். பிரச்சினை கொப்பியில் இருந்தது. பழைய கொப்பியின்படி செலவெல்லாம் போக மாதம் சராசரியாக 135,000 ரூபாய் மிஞ்சுகிறது. புதிய கொப்பியில் அது 260,000.

பதினைந்து வருடமாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இப்படி வருகிறவர்கள் யாரும் கள்ளர்கள் இல்லை. கடனைக் கட்டவேண்டும் என்று மனதார நினைக்கிறவர்கள்தான். "எல்லாரும் செய்யிறதுதானே" என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவும் இல்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். அதனால்தான் "இது தப்பு, செய்யாதே" என்று ஒரு வரியில் அனுப்பிவிடாமல், அந்தத் தம்பியோடு உட்கார்ந்து அவருக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அவர் விரும்பிய வழி: ஊதிப் பெருக்கிய கணக்கைக் காட்டி முழு 20 இலட்சத்தையும் எடுப்பது.

இதற்கு ஒரு கொப்பி மட்டும் போதாது. கணக்கில் காசு ஓடியதாகக் காட்டவேண்டும். ஆகவே யாரிடமோ 3 இலட்சம் கைமாற்று வாங்கி வங்கியில் போட்டு, நாலு நாளில் எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுப்பார்கள். சிலர் மெசின் விற்கிறவரிடம் கூட்டிய விலையில் கொட்டேசன் வாங்குவார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்க வங்கிக்காரருக்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரே தொகை போய்ப் போய் வருவதை ஆறு மாதக் கூற்றில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயே நின்றுவிட்டால் நல்ல காலம். பொய்க் கடதாசி காட்டிக் கடன் எடுத்தது பிறகு தெரியவந்தால், தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் என்ற குற்றத்தின் கீழ் வழக்கு வரைக்கும் அது போகலாம்.

சரி, பிடிபடவில்லை, கடனும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 14 வீதம், தவணை ஐந்து வருடம் என்றால் 20 இலட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 46,500 ரூபாய் கட்டவேண்டும். புதிய கொப்பியில் இருக்கும் மனிதருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தவணை கட்டப்போகிறவர் பழைய கொப்பியில் இருக்கும் மனிதர். அவருடைய வீட்டுச் செலவு 80,000. மிச்சம் 55,000. தவணை போனால் கையில் நிற்பது 8,500. அதுவும் சராசரி மாதத்தில். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் மழை பிடித்தால் யாரும் முற்றத்தில் மிளகாய் காயப்போட முடியாது, அரிசி இடிக்க ஊறப்போடவும் யோசிப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மில் பாதி நாள் சும்மாதான் கிடக்கும். பழைய கொப்பியில் அது தெளிவாகத் தெரிந்தது. புதிய கொப்பியில் மார்கழியும் சித்திரையும் ஒரே மாதிரி இருந்தன. மழையே பெய்யாத ஊரில் எழுதிய கணக்கு அது.

வட்டி மாறும் கடன் என்றால் இன்னும் யோசிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அதே மாதம் 12ஆம் திகதி நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அப்படி 14 வீதம் 21 ஆக ஏறினால் 46,500 தவணை 54,100 ஆகும். உண்மை வருமானத்தில் அதன்பிறகு மிஞ்சுவது ஆயிரத்துக்கும் குறைவு. வங்கி வருமானம் கேட்பது நம்மை மடக்குவதற்கு என்று நினைக்கிறோம். உண்மையில் இந்தக் கேள்வியைத்தான் அது கேட்கிறது: மழை மாதத்திலும் வட்டி ஏறிய மாதத்திலும் இந்த ஆள் சமாளிப்பாரா? பொய்க் கணக்குக் கொடுக்கும்போது அந்தக் கேள்விக்கு வரவேண்டிய நேர்மையான பதிலை நாமே அழித்துவிடுகிறோம்.

இவ்வளவும் கடன் வாங்குகிறவர் பாடு. எனக்கு உண்மையில் வயிறு எரிவது அடுத்த விஷயத்தில். பிணை.

வங்கி இரண்டு பிணையாளிகள் கேட்கும். எங்கள் ஊர்களில் பிணை என்றால் பெரும்பாலும் அரச சம்பளக்காரர்தான்: ஆசிரியர், எழுதுவினைஞர், தாதி. அப்பா மண்டூரில் படிப்பித்தார். தினமும் குருமன்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்து போவார். (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை.) அவரோடு கூட வந்துபோகும் நண்பர் ஒருவர் கடை வைத்திருந்தார். கடன் எடுக்கப் பிணை கேட்டார். அப்பா ஒரு கடதாசியையும் வாசிக்கவில்லை. கூட்டாளியிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று கூச்சம்.

இரண்டு வருடம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நண்பர் கடையைப் பூட்டிவிட்டு வெளிநாடு போயிருந்தார். அப்பா இருபத்தாறு மாதம் கட்டினார். அந்தக் காலத்தில் அவருடைய சம்பளச் சிட்டையை அம்மா அலுமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்திருந்தார், நாங்கள் பார்க்கக் கூடாது என்று. பல வருடம் கழித்து, நான் கணக்கியல் படித்து முடித்த பிறகு, அந்தக் கடன் கோப்பின் பிரதி வீட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். அதில் காட்டியிருந்த விற்பனை அந்தச் சின்னக் கடைக்கு வரவே வராது. ஒரு அலுமாரியும் இரண்டு சாக்கும் இருந்த கடை அது. அப்பா கணக்கைக் கேட்டிருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும், அவர் கணித ஆசிரியர்.

அந்த நண்பர் மோசக்காரர் இல்லை. கட்டிவிடலாம் என்று நம்பித்தான் எடுத்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கை அவர் எழுதியபோது ஏமாற்றியது வங்கியை மட்டும் அல்ல. வங்கிக்குப் பிணை இருந்தது, அது தன் காசை எடுத்துக்கொண்டது. அப்பாவுக்கு யார் பிணை? எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லும்போது இந்த மூன்றாவது ஆள் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

காசோடு இது முடியாது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்தில், ஊர்ப்பேச்சில் கிரிப் என்பதில், நாம் எடுத்த கடனோடு நாம் பிணை நின்ற கடனும் பதிவாகிறது. ஆகவே பிணை நின்ற ஆசிரியர் நாளைக்குத் தன் மகளின் படிப்புக்கோ வீட்டுக் கூரைக்கோ கடன் கேட்டால், மற்றவருடைய நிலுவை அவருடைய அறிக்கையில் வந்து நிற்கும். யாரும் தன் அறிக்கையைத் தானே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பிணை நிற்கச் சொல்லி யார் கேட்டாலும் முதலில் அதைச் செய்யுங்கள்.

இனி இரண்டாவது வழி: பழைய கொப்பியை அப்படியே காட்டுவது.

இதைச் சொன்னதும் தம்பி முகம் சுருங்கியது. "இறைவரிக்காரன் வந்துருவான் அக்கா." எங்கள் கடைக்காரருக்கு வங்கியைவிட இந்தப் பயம்தான் பெரிது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனியாளுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வருமான வரி விலக்கு. அவருடைய உண்மை வருமானம் மாதம் 135,000 வீதம் ஆண்டுக்கு 16 இலட்சத்து 20 ஆயிரம். வரி ஒரு சதமும் இல்லை! புதிய கொப்பியின்படி அது 31 இலட்சத்து 20 ஆயிரம். விலக்குப் போக, முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 320,000க்கு 18 வீதம், ஆக 117,600 ரூபாய் வரி. உழைக்காத காசுக்கு. அதைக் கட்டாமல் இருக்க இறைவரித் திணைக்களத்துக்கு இன்னொரு கணக்கு எழுதவேண்டும். பிறகு மூன்று கொப்பி. பெறுமதி சேர் வரியோ ஆண்டு விற்பனை கோடிக்கணக்கில் போகிறவர்களின் பிரச்சினை, இந்த மில்லுக்கு அது எட்டாத தூரம். பயந்து பயந்து மறைத்ததில் பாதி, மறைக்கத் தேவையே இல்லாதது.

ஆனால் உண்மைக் கணக்குச் சும்மா வராது. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மில்லில் இரண்டு பெண் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு 35,000 சம்பளம், வேலைக்கு வந்து எட்டு மாதம். ஊழியர் சேமலாப நிதி, அதாவது அவர்களுடைய ஓய்வுகாலச் சேமிப்பு, கட்டவில்லை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி 12 வீதம் கட்டவேண்டும், ஊழியர் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். கணக்கில் சம்பளத்தைச் சரியாக எழுதினால் இதுவும் வெளியே வந்துவிடும். இரண்டு பேருக்கும் அவர் பங்கு மட்டும் மாதம் 10,500. எட்டு மாத நிலுவை, கழிக்காமல் விட்ட ஊழியர் பங்கையும் முதலாளியே சுமக்கவேண்டும் என்பதால், 128,800. தாமதத்துக்கான மிகைக் கட்டணம் அதற்கு மேலே, அது 5 வீதத்தில் தொடங்கி, வருடம் தாண்டினால் 50 வீதம் வரைக்கும் போகும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நேர்மையாக நடந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று சொல்லித் தேற்ற நான் தயாரில்லை, ஏனென்றால் இந்த இடத்தில் நேர்மைக்கு 128,800 ரூபாய் செலவு இருக்கிறது. ஆனால் அந்தக் காசு அவருடையது அல்ல. மாதாமாதம் அந்தப் பிள்ளைகளிடமிருந்து கேட்காமல் எடுத்த கடன் அது, வட்டியும் கொடுக்காமல். வங்கிக்குப் பொய்க் கணக்கு எழுதும் ஒவ்வொரு கடையிலும் இப்படி யாரோ ஒருவருடைய காசு மறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "கைக்கு வாற காசு குறையுமா அக்கா?" குறையும். 2,800 ரூபாய். அதற்கு மேல் முதலாளி போடுவது மாதம் 5,250, எல்லாம் உன் பெயரில்தான் சேரும் என்று எழுதிக் காட்டினேன். அந்தத் துண்டுக் கடதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது புதிய கணக்கு: 135,000 இல் 10,500 போனால் 124,500. வீட்டுச் செலவு போக 44,500. அதாவது 20 இலட்சத்துக்கான தவணையை உண்மை வருமானம் தாங்கவே தாங்காது. 12 இலட்சம் என்றால் மாதம் 27,900. வட்டி 21 வீதத்துக்கு ஏறினாலும் 32,500. மழை மாதத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். 12 இலட்சத்தில் அரைக்கும் மெசினும் மின் இணைப்பும் வந்துவிடும். பக்கற் மெசின் வராது. கைச் சீல் மெசினில்தான் கொஞ்ச காலம் அடிக்கவேண்டும். டவுன் கடைகள் பிந்தும்.

மிச்ச 8 இலட்சத்துக்கு வெளியில் வட்டிக்கு எடுக்கலாமா என்று கேட்டார். மூன்று வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தாலும் மாதம் 24,000 வட்டி மட்டும், முதல் அப்படியே கிடக்கும். வங்கித் தவணையோடு சேர்த்தால் 51,900. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. குழுக் கடனும் இதற்குச் சரிவராது. அது சின்னத் தொகைக்கானது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்டவேண்டும், அதுவும் ஒரு பிணைதான். 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு நுண்கடன் தள்ளுபடி கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியதை நாம் மறக்கக் கூடாது.

மனைவியின் நகையை வங்கியில் அடைவு வைப்பதும் பேச்சில் வந்தது. ஒன்றைச் சொல்லவேண்டும்: அவசரத்துக்கு இருக்கும் வழிகளில் யாரிடமும் பொய் சொல்லத் தேவையில்லாதது இது. வருமானமும் பிணையும் கேட்கமாட்டார்கள். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடும் நகையும் பெண்ணுக்குத்தான் வருகின்றன. அவள் பேரில் உள்ளதைக் கணவன் தொழிலுக்கு வைக்கும்போது அவள் அந்தத் தொழிலின் பங்காளி. ஆகவே அவளிடம் கேட்பது என்றால் கணக்கைக் காட்டிக் கேட்பது. இந்த வீட்டில் கணக்கு எழுதுவதே அவர்தான், அதனால் உடனே பதில் வந்தது: "தாலிக்கொடியில கைவைக்க வேணாம். மெசின் ஓடட்டும், பிறகு பார்ப்பம்."

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் சிலர் வட்டியில்லாத முறைக்குப் போகிறார்கள். முராபஹாவில் வங்கியே பொருளை வாங்கி, இலாபத்தைச் சொல்லி, தவணைக்கு நமக்கு விற்கும். விலை ஆரம்பத்திலேயே முடிவாகிவிடுவதால் வட்டி ஏறும் பயம் இல்லை. கணக்கு மட்டும் அங்கேயும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும், கொட்டேசன் கூட்டிப் போட்டால் கூட்டிய விலைக்குத்தான் இலாபமும் சேரும்.

கடைசி வழி, ஒரு வருடம் பொறுப்பது. எல்லா விற்பனையையும் வங்கிக் கணக்கு வழியாக விட்டு, சேமலாப நிதியை ஒழுங்காக்கி, அடுத்த வருடம் முழுத் தொகைக்கும் போவது. கடதாசியில் பார்த்தால் இதுதான் மிகச் சுத்தமான வழி. ஆனால் அவருடைய பழைய மெசின் வாரத்துக்கு ஒருநாள் பழுதாகிறது. பொறுத்திருந்தால் இருக்கும் வருமானமும் போய்விடும். மெசின் நன்றாக ஓடுகிறவருக்கு நான் பொறுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

என் தீர்ப்பு 12 இலட்சம், பழைய கொப்பியோடு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: வங்கிக்குக் கொடுக்கும் அதே கணக்கைப் பிணை நிற்கிறவர்களுக்கும் முதலில் கொடுக்கவேண்டும். எந்தக் கணக்கைக் காட்டுவது என்று குழம்புகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான். பிணைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து விளக்கக்கூடிய கணக்கா இது? அப்படியென்றால் வங்கிக்கும் கொடுக்கலாம்.

சேமலாப நிதி நிலுவைக்கு அவர் மனைவியின் சீட்டுக் காசு போனது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கழுத்துக்கு ஏதோ வாங்க வைத்திருந்தது. அதற்காக அந்த மனைவி என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

பிணைக்கு வந்தவர்களில் ஒருவர் மனைவியின் தாய்மாமன், ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கும் ஆசிரியர். நானும் கூடப் போனேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் அடித்துக் கொடுத்த தாளை ஒதுக்கிவிட்டு மிளகாய்க் கொப்பியைக் கேட்டு வாங்கினார். அரை மணித்தியாலம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவரும் தும்மினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"மார்கழியில ஏன் மனே இப்பிடிக் குறைஞ்சு கிடக்கு?"

"மழை மாமா. மிளகாய் காயாது."

"அப்ப அந்த மாசத்துத் தவணை?"

"ஆடியிலயிருந்தே மாசம் அஞ்சாயிரம் ஒதுக்கி வைக்கிறதா எழுதியிருக்கு. அடுத்த பக்கத்தில பாருங்க."

மாமா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பேனையைக் கேட்டார்.